என்ன தின்கிறது, எப்படிப் பெருகுகிறது? அடுப்படியிலிருந்து ஓர் அட்டவணை

அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர் 1969இல் உயிரிகளை ஐந்து உலகங்களாகப் பிரித்தார். பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்து மறுவாரமே மறந்தவன் நான். இன்று பகுப்பு முறை நிறைய மாறிவிட்டது. ஆனாலும் தொடங்குவதற்கு அந்த ஐந்து போதும்.

படி 1: தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: பெயர், சாப்பாடு, பெருக்கம். கீழே ஐந்து வரிசைகள்: பாக்டீரியா, புரோட்டிஸ்டா (பெரும்பாலும் ஒற்றைச் செல் உயிரிகள்), பூஞ்சை, தாவரம், விலங்கு.

படி 2: பாக்டீரியாவுக்கு, ராத்திரி பாலில் உறை ஊற்றுங்கள். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரைதான் அவற்றின் சாப்பாடு; அதை லாக்டிக் அமிலமாக்குவதால்தான் புளிப்பு. ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிளந்துகொண்டே போகும். ஒரு கரண்டித் தயிர் காலைக்குள் சட்டி முழுக்க ஆவது அப்படித்தான்.

படி 3: புரோட்டிஸ்டா. நுண்ணோக்கி இல்லாவிட்டால் எழுதி வைப்பதோடு சரி. அமீபா போலிக்கால்களால் இரையை வளைத்து விழுங்கும். இரண்டாகப் பிளந்து பெருகும்.

படி 4: ரொட்டித் துண்டில் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். என் முதல் துண்டு ஒரு வாரமாகியும் அசையவில்லை. கடை ரொட்டியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள், பொறுமை வேண்டும். பூஞ்சைக்கு வாயும் இல்லை, பச்சையமும் இல்லை. நொதிகளை வெளியே விட்டு, ரொட்டியை அங்கேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். நம் வயிற்றுக்குள் நடப்பது அதற்கு உடம்புக்கு வெளியே நடக்கிறது! கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை வித்துப் பைகள். பையைத் திறக்காதீர்கள், முகராதீர்கள். அப்படியே குப்பையில் போடுங்கள். காளானும் இந்த வரிசைதான், காய்கறிக் கடையில் விற்றாலும்.

படி 5: ரணகள்ளி இலை ஒன்றை ஈரமண்ணில் வையுங்கள். ஓரங்களிலிருந்து குட்டிச் செடிகள் கிளம்பும். அதே செடி பூத்து, விதை மூலமும் பெருகும். ஆகவே பெருக்கக் கட்டத்தில் பாலிலா முறை (இலையிலிருந்து), பால் முறை (பூத்து விதை மூலம்) இரண்டையும் எழுதுங்கள். சாப்பாடு ஒளிச்சேர்க்கை.

படி 6: விலங்குக்கு மண்புழு. மக்கும் இலையை மண்ணோடு விழுங்கும். ஓர் உடலிலேயே ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருக்கும். இருந்தும் பெரும்பாலும் இரண்டு புழுக்கள் சேர்ந்து விந்தணுவை மாற்றிக்கொண்ட பிறகே முட்டைக்கூடு இடும்.

படி 7: இப்போது அட்டவணைக்கு அடங்காதவை. யூக்ளினா என்ற ஒற்றைச் செல் உயிரி வெளிச்சத்தில் செடி போல உணவு தயாரிக்கும். இருட்டில் சுற்றியுள்ள கரைந்த சத்தை உறிஞ்சிப் பிழைக்கும். அது புரோட்டிஸ்டா வரிசைக்குப் போகட்டும். அப்புறம், மாமரத்துப் புல்லுருவி. இலை பச்சைதான், உணவும் தானே தயாரிக்கிறது, ஆனால் தண்ணீரும் உப்புகளும் மரத்திடமிருந்து. தாவர வரிசையிலேயே எழுதி, ஓரத்தில் ‘பாதித் திருட்டு’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.