முதல் ஆளைச் சேர்க்கும் முன் ஒரு சம்பளக் கணக்கு

இலங்கையில், ஹட்டனில் போன் ரிப்பேர் கடையோ பண்டாரவளையில் சலூனோ நடத்துகிறீர்கள், முதல் ஆளைச் சேர்க்கப் போகிறீர்கள். பேசிய சம்பளத்தோடு கணக்கு முடியாது. ஒரே ஒருவர் வேலை செய்தாலும் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இரண்டும் கட்ட வேண்டும். சம்பளம் 40,000 ரூபாய் என்றால் உங்கள் பங்காக ஈ.பி.எஃப்-க்கு 12 வீதமும் ஈ.டி.எஃப்-க்கு 3 வீதமும், மொத்தம் 6,000 கூடுதலாகப் போகும். வேலைக்கு வருகிறவருடைய சம்பளத்தில் ஈ.பி.எஃப்-க்காக 8 வீதம், அதாவது 3,200 கழியும். கைக்கு வருவது 36,800தான் என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள், சம்பள நாளில் முகம் கோணாது. ‘பழகும் காலம்தானே’ என்று தள்ளிப்போடவும் முடியாது, அதற்கும் கட்ட வேண்டும். பதிவுக்குத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். அப்புறம், தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வேலை நேரத்தைப் பேசுங்கள்.