பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயில் மாற்றிய அனுபவம்
2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய என் ஆட்டோமேட்டிக் கார், சூடானதும் மக்கர் பண்ணியது. லீவரை 'டி'-க்கு (டிரைவ்) தள்ளினால் ஒரு நொடி சும்மா நிற்கும், அப்புறம் டங்கென்று இழுக்கும். காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது.

எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தேன், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் மாற்றினேன், பலனில்லை. ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை. கியர்பாக்ஸை இறக்கணும் என்றார் ஒரு மெக்கானிக். ஆயில் சரியாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

விஷயமே அங்கேதான். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் ஒரு பக்கம் 'ஹாட்' கோட்டைத் தொட்டது, மறுபக்கம் அதற்கு நன்றாகக் கீழே. அந்தக் குச்சி இறங்கும் குழாயின் உட்சுவரில் ஒட்டிய ஆயில் ஒரு பக்கம் பூசிக்கொண்டு ஏமாற்றுகிறது. குறைவாகக் காட்டும் பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். அதுவும் சமதரையில், வண்டி சூடாகி, எஞ்சின் ஓடும்போது, லீவரை எல்லா நிலைக்கும் தள்ளி 'பி'-க்கு (பார்க்) கொண்டுவந்த பிறகு பார்க்க வேண்டும்.

ஆயில் பழுப்பாக இருந்தது, கருகல் வாடை இல்லை. ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும். அது சாதாரணத் தேய்மானம். உலோகச் சில்லுகள் இருந்திருந்தால் மேற்கொண்டு தொட்டிருக்க மாட்டேன்.

போல்ட்டைக் கழற்றினால் சுமார் மூன்றரை லிட்டர்தான் இறங்கும், மிச்சம் பெரும்பாலும், எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். பழைய கியர்பாக்ஸ் என்பதால், மெஷின் வைத்துப் பழைய ஆயிலை மொத்தமாக வெளியேற்றும் ஃப்ளஷ் வேண்டாம் என்று விட்டேன். மேனுவலில் சொன்ன கிரேடையே ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இறக்கி ஊற்றினேன். இப்போது மதிய வெயிலிலும் 'டி' உடனே பிடிக்கிறது. நிம்மதி!