பென் டிரைவில் ஏற்றிய ஐஎஸ்ஓ கிளம்ப மறுத்தால்

பழைய லேப்டாப்புகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது பையோடு வந்து நிற்பார்கள். லினக்ஸ் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்ப வேண்டும், அதாவது பூட் செய்ய வேண்டும். அது பூட் ஆகவில்லை என்றால் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: மறுபடியும் எழுதுவது. நானும் ஒரே ஃபைலை ஒரே டிரைவில் நாலு தடவை எழுதி ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தவன்தான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் டிரைவைத் திறந்து பாருங்கள். உள்ளே ஐஎஸ்ஓ ஃபைல் ஒற்றையாக உட்கார்ந்திருந்தால் நீங்கள் எழுதவில்லை, காப்பி செய்திருக்கிறீர்கள். ஐஎஸ்ஓ ஒரு முழு டிஸ்கின் அச்சு. ரூஃபஸ், எட்சர் மாதிரி எழுதும் மென்பொருள் ஒன்றை வைத்துத்தான் இறக்க வேண்டும். ஐஎஸ்ஓ ஃபைலை நேரடியாகவே கிளப்பும் வென்டாய் மென்பொருள் போட்ட டிரைவ் மட்டும் விதிவிலக்கு. அதில் காப்பி செய்தாலே போதும்.

அடுத்து, டவுன்லோட் கெடாமல் இறங்கியதா என்று பாருங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் (ஷா256 என்று சேர்த்து), லினக்ஸில் ஷா256சம் கட்டளை கொடுத்தால் ஃபைலின் அடையாளமாக 64 எழுத்து வரும். தரவிறக்கிய தளத்தில் போட்டிருப்பதோடு பொருந்த வேண்டும். ஃபைலில் ஒரு பிட் கெட்டிருந்தாலும் மொத்த வரிசையும் மாறிவிடும் என்பதால், முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்து பார்த்தாலே எனக்குத் திருப்தி.

லினக்ஸில் டிடி கட்டளையால் எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இலக்கில். எஸ்டிபி என்று முழு டிரைவைக் கொடுக்க வேண்டிய இடத்தில் எஸ்டிபி1 என்று அதன் ஒரு பகுதியை, அதாவது பார்ட்டிஷனைக் கொடுத்துவிடுவார்கள். எழுதும், பிழை காட்டாது, பூட் மட்டும் ஆகாது. டிரைவைச் செருகுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்துப் பாருங்கள். புதிதாக முளைத்ததுதான் உங்கள் டிரைவ். இன்னொன்று, டிடி முடித்துவிட்டேன் என்று சொல்லும்போது பாதி தரவு இன்னும் ரேமில்தான் இருக்கலாம். மிச்சத்தையும் டிரைவில் இறக்கும் சிங்க் கட்டளை கொடுத்து, பிராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் வரி) திரும்பி வரும்வரை டிரைவில் கை வைக்காதீர்கள்.

எழுதியது சரியாக இறங்கியதா என்று பார்க்க சிஎம்பி கட்டளை இருக்கிறது: ஐஎஸ்ஓ ஒரு பக்கம், டிரைவ் மறுபக்கம். ஆனால் டிரைவைப் பிடுங்கி, மறுபடி செருகிவிட்டு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் ரேமில் மிச்சம் இருக்கும் நகலையே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடும். ஐஎஸ்ஓ ஃபைல் முடிந்துவிட்டது என்று மட்டும் செய்தி வந்தால், அதுவரை எல்லாம் பொருந்தியது என்று அர்த்தம். இதை முதல் பூட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள். சில லினக்ஸ்கள் பூட் ஆனதும் மிச்ச இடத்தில் சொந்தமாக ஒரு பார்ட்டிஷன் போட்டுக்கொள்ளும். அப்புறம் பார்த்தால் வித்தியாசம் காட்டத்தான் செய்யும்.

இப்போது அந்தச் சாயங்காலம். 64 ஜிபி என்று பொறித்த டிரைவ், மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். அதில் லினக்ஸ் மின்ட் ஜோராக ஓடியது. உபுண்டு 24.04 மட்டும் பாதி வழியில் செத்தது. நான் லேப்டாப்பைத் திட்டினேன், ஐஎஸ்ஓவை மறுபடி இறக்கினேன். கடைசியில், டிரைவின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 ஓட்டிப் பார்த்தால், உள்ளே உண்மையில் இருந்தது 4 ஜிபிக்கும் கீழே. மின்ட் 3 ஜிபிக்குள் அடங்கியதால் பிழைத்தது. உபுண்டு கிட்டத்தட்ட 6 ஜிபி. விண்டோஸில் இதே சோதனைக்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ இருக்கிறது. நேரம் எடுக்கும், டிரைவில் இருப்பதை முதலில் அழித்துவிட்டு ஓட்டுங்கள். புது டிரைவ் வாங்கினால் இப்போது முதல் வேலை எனக்கு இதுதான்.

டிரைவ் சரி, எழுதியதும் சரி என்றால் மிச்சம் லேப்டாப்தான். எதிலிருந்து கிளம்புவது என்று தேர்வதற்கான பூட் மெனு சாவி பல டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. ‘செக்யூரிட்டி வயலேஷன்’ என்று திரையில் வந்தால் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையில்), அங்கீகாரமில்லாததைக் கிளம்பவிடாமல் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துப் பாருங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட கம்ப்யூட்டர் என்றால் அதற்கு முன் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரூஃபஸில் ஐஎஸ்ஓ முறையில் எழுதியது கிளம்பாவிட்டால் டிடி முறையில், அதாவது அச்சை அப்படியே எழுதலாம். விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு இந்த யோசனை உதவாது. அதை டிடியால் எழுதினால் கிளம்பாது.

எழுதி முடித்த டிரைவை விண்டோஸில் செருகினால் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கலாம், இல்லையென்றால் சில எம்பி மட்டும் காட்டலாம். டிரைவ் கெடவில்லை, லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். வேண்டாம் என்று மூடிவிடுங்கள். வேலை முடிந்து பழைய பென் டிரைவாகவே வேண்டுமென்றால் விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் அந்த டிஸ்கைத் தேர்ந்து கிளீன் கொடுத்துவிட்டுப் புதிதாக ஃபார்மட் செய்யுங்கள். கிளீன் ‘உறுதிதானா’ என்று கேட்காமலே அழித்துவிடும். டிஸ்க் எண்ணோடு சைஸையும் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.