எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு: காசு வீணாகாமல் டிரெஸ்ஸிங் போடும் முறை

குமரி மாவட்டத்தின் குலசேகரம் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக் கத்தி விரலைக் கீறும். குளச்சல் கடற்கரையில் மீன்முள் உள்ளங்கையில் ஏறும். எல்லாவற்றுக்கும் ஒரே பஞ்சையும் பிளாஸ்டரையும் வைத்துக் கட்டும்போதுதான் பணமும் நாளும் கரைகின்றன. ஒரு தடவை கட்ட ஆகும் செலவை, புண் ஆறும்வரை எத்தனை தடவை கட்டுகிறோமோ அதனால் பெருக்கிப் பாருங்கள். அதுதான் கட்டின் உண்மையான விலை.

1. ரத்தத்தை நிறுத்துங்கள். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால், உறைந்த ரத்தம் பெயர்ந்து மறுபடி ஒழுகும். வாய் பிளந்த காயம், மடங்காத விரல், உணர்ச்சி இல்லாத நுனி இவற்றுக்கு வீட்டுக் கட்டு வேண்டாம், தையல் போடும் இடத்துக்குப் போங்கள். அழுக்குப் பட்ட காயம் என்றால், கடைசி டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 வருடம் தாண்டிவிட்டதா என்றும் கேளுங்கள்.

2. கழுவுங்கள். முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு நார்மல் சலைன் (மருந்துக்கடை உப்புநீர்) அல்லது கொதித்து ஆறிய தண்ணீரைக் காயத்தின் மேல் தாராளமாக ஊற்றுங்கள். மண் முழுவதும் போகிறவரை ஊற்ற வேண்டும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக வளரும் சதையையே பொசுக்கும். காப்பிப்பொடி, மஞ்சள்தூள் போட்டால் அந்தத் துகளைப் பிறகு தேய்த்து எடுக்கும்போது புண் மறுபடி கிழியும்.

3. கசிவைப் பார்த்துக் கட்டைத் தேர்ந்தெடுங்கள். காசு மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான். கழற்றிய பழைய கட்டைத் தூக்கி எறியாமல் திருப்பி, எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பாருங்கள்.

உலர்ந்த சிராய்ப்பா? பாரஃபின் காஸை (புண்ணில் ஒட்டாதபடி பாரஃபின் தடவிய வலைத்துணி) புண்ணளவுக்கு வெட்டி வைத்து, மேலே சாதா காஸ் போதும். இதற்கு ஃபோம் (கசிவை உறிஞ்சும் பஞ்சு போன்ற கட்டு) வாங்குவது தண்டச் செலவு. வெறும் பஞ்சை நேரடியாக வைக்கவே கூடாது. இழை ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது முளைத்த இளந்தோலும் கூடவே வரும். ஒட்டிவிட்டால் சலைன் ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள்.

மிதமான கசிவுக்கு ஃபோம். கறை ஓரத்தை நெருங்கும்போது மாற்றலாம். நிறையக் கொட்டும் கசிவுக்குக் கடற்பாசியில் செய்த ஆல்ஜினேட். உலர்ந்த புண்ணில் அதை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி சேர்ந்த கட்டு கிருமி பிடித்த புண்ணுக்கு மட்டும். அதையும் இரண்டு வாரத்தில் வேண்டுமா என்று மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

ஒரு கணக்கு. காஸும் பிளாஸ்டரும் தடவைக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், தினமும் கட்டினால் பத்து நாளில் 400. ஃபோம் 120 ரூபாய், மூன்று நாளுக்கு ஒன்று, நான்கு போதும்: 480. கூடுதல் 80 ரூபாய்தான். ஆனால் கட்டு மாற்ற ஆறு தடவை பஸ் ஏறுவதும் ஆறு நாள் காலை பால்வெட்டு கெடுவதும் மிச்சம்.

புண்ணைக் காயவிட்டால்தான் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் சோதித்தபோது, மூடி ஈரமாக வைத்த காயத்தில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது.

4. ஒட்டுங்கள். புண்ணின் ஓரத்துக்கு வெளியே எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் தாண்ட வேண்டும். நம்மூர் ஆடிச் சாரலிலும் வேர்வையிலும் பிளாஸ்டர் நிற்காது என்று புகார் வரும். சுற்றுத் தோலைக் காஸால் ஒற்றி, நன்றாக உலர்ந்தபின் ஒட்டுங்கள். விரலை வளையம் போலப் பிளாஸ்டரால் இறுக்கக் கூடாது. கட்டியபின் நகத்தை அழுத்தி விடுங்கள், இரண்டு விநாடியில் சிவப்பு திரும்ப வேண்டும்.

5. மாற்றுவது எப்போது? ஊறி வெளியே தெரிந்தால், ஓரம் பெயர்ந்தால், நாறினால். பார்க்க ஆசை என்பதற்காகத் திறக்காதீர்கள். வெகுநேரம் துணி துவைத்த கைபோலப் புண்ணைச் சுற்றி வெளுத்து ஊறியிருந்தால், கட்டு கசிவைத் தாங்கவில்லை என்று அர்த்தம். இன்னும் உறிஞ்சும் கட்டுக்கு மாறுங்கள். சுத்தமாகத் தைத்த அறுவைக் காயத்துக்கு, மருத்துவர் வேறு சொல்லாவிட்டால், பெரும்பாலும் முதல் 48 மணி நேரக் கட்டே போதும்.

சர்க்கரை நோயாளியின் காலில் சின்னக் கொப்புளம் வந்தாலும் கட்டோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கடல்நீர் பட்ட காயத்தில் சில மணி நேரத்தில் சிவப்பு பரவினால், கொப்புளம் எழும்பினால், காயத்துக்குப் பொருந்தாத வலி இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ கிளம்புங்கள். ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த நேரம் இன்னும் குறைவு.