தீன் வைக்கும்போது முயல் பாய்கிறதா?

தீன் கோப்பையோடு கை உள்ளே போனதும் முயல் காதைப் பின்னால் மடித்து, உறுமி, முன்னங்கால்களால் அடிக்கிறதென்றால் அது கெட்ட முயல் அல்ல. முயலுக்குத் தன் மூக்குக்கு நேர் முன்னால் உள்ளது தெரியாது. நேராக நீளும் கை அதற்குத் திடீர்த் தாக்குதல். பக்கவாட்டில், தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் நெற்றியைத் தடவிக்கொண்டே மறு கையால் தீனை வையுங்கள்.

கோப்பையையே நிறுத்திவிடுவது இன்னும் நல்லது. குளிகைத் தீனை (கடையில் விற்கும் பெல்லட் தீன்), உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 25 கிராம் அளந்து, புல்லுக்குள் தூவிவிடுங்கள். காவலிருக்க ஓரிடம் இல்லாவிட்டால் சண்டையும் குறையும். திருகோணமலையில் உலர்புல் கிடைப்பது சிரமம். கினிப்புல்லை மருந்தடிக்காத இடத்தில் வெட்டி, கழுவி, ஈரம் உலர்த்தி எந்நேரமும் போட்டுவையுங்கள். பசித்த முயல்தான் அதிகம் பாயும்.

கூட்டை முயல் வெளியே உலாவும்போது மட்டும் துப்புரவாக்குங்கள். கொஞ்சம் பழைய புல்லை விட்டுவையுங்கள், தன் வாசம் முழுதும் போனால் மறுபடி எல்லை பிடிக்கத் தொடங்கும். கடித்தால் அடிக்கவே வேண்டாம். கையை வெடுக்கென இழுத்தாலும் பாய்ந்தால் பயன் உண்டு என்று அது கற்றுக்கொள்ளும். தடித்த கையுறை போதும்.

மூன்று முதல் ஆறு மாத வயதில் தொடங்கினால் பெரும்பாலும் ஓமோன்தான் காரணம், பெண் முயலுக்கும் இது உண்டு. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பின் அடங்கச் சில வாரங்கள் எடுக்கும். சாதுவாக இருந்தது திடீரென மாறினால் பல்வலியாகவும் இருக்கலாம், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.