ஜாய்ஸ்டிக் இறுக்கமாக இருக்கிறதா? ஸ்பிரிங்கை மாற்றும் முன் செய்ய வேண்டியவை

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக்கைப் பற்றி "ஸ்டிக் ரொம்ப இறுக்கமா இருக்கு" என்று சொல்லும்போது அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. நடுவிலிருந்து கிளப்புவதற்குத் தேவையான முதல் விசை ஒன்று. சாய்க்கச் சாய்க்க ஏறும் ஸ்பிரிங் விசை இன்னொன்று. போகும்போதும் வரும்போதும் தடுக்கும் உராய்வு மூன்றாவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. உராய்வுக்கு ஸ்பிரிங்கை மாற்றினால் காசுதான் போகும், தொல்லை போகாது.

1. முதலில் அளந்து பாருங்கள்

1 அல்லது 2 கிலோ வரை காட்டும் ஸ்பிரிங் தராசு போதும். அதைப் படுக்கைவாட்டில் பிடித்து முள்ளைப் பூஜ்யத்தில் வையுங்கள். கைப்பிடியில் நடுவிரல் படும் உயரத்தில் நூல் கட்டி, தராசின் கொக்கியை மாட்டி மெதுவாக இழுங்கள். கணினியில் ஜாய்ஸ்டிக் சோதனைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் ஸ்டிக் எங்கே நிற்கிறது என்பது தெரியும்.

நான்கு எண்களைக் குறியுங்கள்: ஸ்டிக் அசையத் தொடங்கும்போது, பாதித் தூரத்தில், கடைசியில், பிறகு மெல்லத் தளர்த்திக்கொண்டு வரும்போது அதே பாதித் தூரத்தில்.

பாதித் தூரத்தில் போகும்போது 700 கிராம், திரும்பும்போது 500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியான 600 ஸ்பிரிங்கின் பங்கு. வித்தியாசத்தில் பாதியான 100 உராய்வின் பங்கு. உராய்வு ஸ்பிரிங் விசையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. முதல் விசை கடைசி விசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் கோளாறு நடுப்பகுதியில் இருக்கிறது. தரையிறங்கும்போது விமானத்தின் மூக்கு மேலும் கீழும் ஆடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: கை அந்தத் தடையை மீறத் தள்ளுகிறது, மீறிய நொடியில் தேவைக்கு மேல் போய்விடுகிறது.

2. அடிப்பாகம் அசையக்கூடாது

20 செ.மீ. உயரத்தில் 1 கிலோ விசையில் இழுக்கிறீர்கள், அடிப்பாகத்தின் நடுவிலிருந்து விளிம்பு 9 செ.மீ. என்றால், சாயாமல் நிற்க அது 2.2 கிலோவுக்கு மேல் எடை இருக்க வேண்டும். மேசையில் வைத்துப் பயன்படுத்தும் பல ஸ்டிக்குகள் அவ்வளவு கனமில்லை. மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், அல்லது ஒரு பலகையில் ஸ்குரூ போட்டுப் பலகையை அசையாமல் நிறுத்துங்கள்.

3. கழற்றுதல், துடைத்தல், கிரீஸ்

திறந்தால் வாரண்டி போகலாம் என்பதை நினைவில் வையுங்கள். யூஎஸ்பி கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுங்கள். கைப்பிடியின் வயர்கள் தண்டின் நடுவழியாக வருவதால் கைப்பிடியைத் திருகிச் சுழற்றாதீர்கள், வயரின் சால்டர் (பற்றாசு) இணைப்பு விட்டுப்போகும். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, முகத்தைத் தள்ளி வைத்து அவிழுங்கள்.

விலை குறைந்த ஸ்டிக்குகளில் ஒரே பெரிய ஸ்பிரிங் ஒரு பிளாஸ்டிக் வட்டைக் கீழே அழுத்தி ஸ்டிக்கை நடுவில் நிறுத்தும். சாய்க்கும்போது வட்டின் ஒரு விளிம்பு தூக்கும். வட்டு உரசும் இடங்களைப் பாருங்கள்: சாம்பல் நிறத் தூள், காய்ந்த கிரீஸ், பளபளப்பாகத் தேய்ந்த கோடு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து முழுதாகக் காயவிடுங்கள்.

பிறகு பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்ட சிலிகான் அல்லது பிடிஎஃப்இ (டெஃப்லான்) கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். தீக்குச்சி முனையளவு ஒரு பரப்புக்குப் போதும். வண்டிக்குப் போடும் பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகள் அதில் விரிசல் விடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும். அசைவை மந்தப்படுத்தவென்றே வரும் கெட்டியான டேம்பிங் கிரீஸ் அசைவைப் பதமாக்கும், ஆனால் கூடிப்போனால் ஸ்டிக் நடுவுக்கு வராமல் பாதியில் தங்கிவிடும். ஸ்டிக்கின் நிலையை மின்தடையால் அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் கிரீஸ் படக்கூடாது. காந்தத்தை வைத்து நிலையை அளக்கும் ஹால் சென்சார் என்றால் காந்தத்தை இடம் மாற்றாதீர்கள்.

மூடியதும் மறுபடி அளவெடுங்கள். பலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

4. ஸ்பிரிங்

ஸ்பிரிங்கை வெட்டினால் மென்மையாகும் என்று நினைத்துச் சுற்று ஒன்றை வெட்டுபவர்கள் நிறைய. நடப்பது தலைகீழ். சுற்று குறைந்தால் மிச்சமிருப்பது இன்னும் விறைப்பாகும்; நீளம் குறைந்ததால் நடுவில் ஆட்டமும் வரும். ஆக நடுவில் தொளதொள, கடைசியில் கடினம்.

மென்மை வேண்டுமானால் அதே வெளிவிட்டமும் நீளமும் கொண்ட, கம்பி மட்டும் சற்று மெல்லியதான ஸ்பிரிங்கைத் தேடுங்கள். விறைப்பு கம்பியின் தடிமனுக்கு நான்காம் அடுக்கில் மாறும். 1.2 மி.மீ. கம்பியிலிருந்து 1.1 மி.மீ.க்குப் போனாலே ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். அதனால் ஒரு படிக்கு மேல் ஒரே தடவையில் இறங்க வேண்டாம். வட்டு வகையில் இது முதல் விசையையும் சேர்த்தே குறைக்கும். கேம் (cam, ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பும் வளைந்த துண்டு) வைத்த ஸ்டிக் என்றால் நடுவில் பள்ளமில்லாத மென்மையான கேமை முதலில் போட்டுப் பாருங்கள்.

ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அங்கே ஸ்டிக் வைத்த இடத்தில் நிற்பது நல்லது என்பதால் மிக மெல்லிய ஸ்பிரிங்கோடு கொஞ்சம் உராய்வைச் சேர்ப்பார்கள்.

5. நீட்டிப்புக் குழாய்

ஸ்டிக் சாயும் அச்சிலிருந்து கை 15 செ.மீ. தூரத்தில் இருக்க, அடிப்பாகத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவில் 10 செ.மீ. குழாய் சேர்த்தால் கையில் தெரியும் விசை 60 சதவீதமாகும். ஒரு டிகிரிக்குக் கை நகரும் தூரம் 2.6 மி.மீ.யிலிருந்து 4.4 மி.மீ. ஆகும். நுணுக்கத்துக்கு இதைவிட நல்ல மாற்றம் கிடையாது. ஆனால் அடிப்பாகத்தை மேசைக்குக் கீழே பொருத்த வேண்டிவரும். கைப்பிடி கனமானது என்றால் ஸ்பிரிங்கையும் பலப்படுத்த வேண்டியிருக்கும்.

6. மென்பொருள், கடைசியாக

காலிப்ரேஷனை (ஸ்டிக்கின் நடுவையும் ஓரங்களையும் கணினிக்குக் காட்டுவதை) மறுபடி செய்யுங்கள். ஸ்டிக்கை நான்கு பக்கத்திலிருந்தும் மெல்ல விட்டு, எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். ஒரு சதவீதத்துக்குள் நின்றால் டெட்சோன் (நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) 2 சதவீதம் போதும்.

கர்வ், அதாவது ஸ்டிக்கின் அசைவுக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்று சொல்லும் வளைகோடு, ஸ்டிக்கை இளக்காது, விமானம் கேட்கும் விதத்தைத்தான் மாற்றும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் நடுப்பகுதியை மந்தமாக்க எண்ணை மைனஸ் பக்கம் நகர்த்த வேண்டும். போர் விமான சிமுலேட்டரான டிசிஎஸ்ஸில் பிளஸ் பக்கம். நடுவில் மந்தமாக்கிய அளவுக்கு ஓரங்களில் வேகம் கூடும் என்பதால் 15, 20க்கு மேல் போக வேண்டியிருந்தால் ஸ்டிக்கின் நடுப்பகுதியை மறுபடி அளந்து பாருங்கள்.