கொரியன் பேக் டாஷ்: கட்டை விரலுக்குக் காலடிப் பாடம்

மதுரைப் பக்கத்துச் சிலம்ப வாத்தியார்கள் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடி பழக்குவார்கள். இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான டெக்கன் (Tekken) ஆட்டத்துக்கும் அந்த வரிசைதான் சரி என்பது என் எண்ணம். நீளமான காம்போக்களை, அதாவது இடைவிடாத அடித் தொடர்களை, மனப்பாடம் செய்தவர்கூட, பின்வாங்கத் தெரியாமல் எதிராளியின் கைக்கெட்டும் தூரத்திலேயே நின்று அடி வாங்குவதை எந்த கேம் சென்டரிலும் காணலாம்.

கன்ட்ரோலரில் பின்திசையை, அதாவது எதிராளியை விட்டு விலகும் திசையை, இருமுறை தட்டினால் நாம் ஆட்டும் பாத்திரம் பின்னோக்கித் தாவும். இதுவே பேக் டாஷ். ஒரு தாவல் முடியும்வரை அடுத்ததைத் தொடங்க முடியாது என்பது அதன் குறை. ஆனால் நடுவில் குனிந்தால் தாவல் அறுபடும், அறுபட்டவுடன் அடுத்ததற்கு வழி திறக்கும். இப்படி அறுத்து அறுத்துத் தாவுவது கொரிய ஆர்கேடு ஆட்டக்காரர்களின் கைவண்ணம் என்பதால்தான் அதற்குக் கொரியன் பேக் டாஷ் என்று பெயர்.

உங்கள் பாத்திரம் திரையின் இடப்பக்கம் நிற்பதாகக் கொள்வோம். இடது, விடுதல், மீண்டும் இடது என்று அழுத்தினால் முதல் தாவல் பிறக்கும். உடனே கட்டை விரலைத் தூக்காமல் கீழ் இடது மூலைக்குச் சரித்து, சரித்த வழியிலேயே இடதுக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வந்த அந்த இடது, அடுத்த தாவலின் முதல் தட்டாகக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், விரலை விட்டு இன்னும் ஒரே ஒரு முறை இடது தட்டினால் போதும். பலர் மூலையிலிருந்து நேராக விரலை எடுத்துவிடுகிறார்கள். அப்போது அந்த முதல் தட்டு காணாமல் போகிறது. வேறு சிலர் மூலையிலேயே தங்கிவிடுகிறார்கள். பாத்திரம் குனிந்தே நிற்க, குனிந்தபடி தடுக்க முடியாத மிட் (நடு உயர) அடி வந்து விழுகிறது.

பிராக்டிஸ் மோடில் நீங்கள் அழுத்தும் திசைகளைத் திரையில் காட்டும் வசதியை இயக்கி, ஒவ்வொரு அம்புக்குறியாகப் படித்துப் பாருங்கள். நான் இரண்டு வாரம் என் விரலைத் திட்டிய பிறகுதான், வாடகைக்கு எடுத்த கன்ட்ரோலரில் கீழ் இடது மூலை பதியவே இல்லை என்பது அந்த அம்புகளால் தெரிந்தது. சித்திரை வெயிலில் வியர்த்த விரல் வழுக்கும் என்பதால், பக்கத்தில் ஒரு கைக்குட்டை இருப்பது நல்லது.

முன்னோக்கிய வேவ் டாஷ், கசுயா போன்ற, மிஷிமா குடும்பச் சண்டை முறையில் ஆடும் பாத்திரங்களுக்கு உரியது: வலது, விடுதல், கீழ், கீழ் வலது. இதைத் தொடர்ந்து செய்தால் வழுக்கிக்கொண்டு எதிராளியை நெருங்கலாம். கடைசித் திசையும் வலக்கைக் குத்தும் ஒரே ஃபிரேமில், அதாவது நொடியில் 60இல் ஒரு பங்கில், சேர்ந்து விழுந்தால் எலெக்ட்ரிக் குத்து கிடைக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பின்வாங்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பின்வாங்குவதன் பயன், எதிராளியின் அடி காற்றில் போக, அவர் நிலைக்குத் திரும்பும் முன் நாம் அடிப்பதுதான். முதுகில் சுவர் முட்டும்வரை தாவிக்கொண்டே இருந்தால் அந்தப் பயன் கிடைக்காது. சுவர் நெருங்கும்போது பக்கவாட்டில் விலகுங்கள்.

வலப்பக்கம் நின்றும் அதே அளவு பழகுங்கள். நான் பழகாததால், இடப்பக்கம் நிற்கவைக்கும் முதல் கன்ட்ரோலர் யாருக்கு என்று இன்றும் தம்பியோடு தகராறு நடக்கிறது.